526 பற்களும் ஒரு டைனோசர் தாடையும்

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கினால் இரண்டே முடிவுதான். ஒன்று பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் சொத்தைப் பல், கிராம்பு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது, 2019-ல் சென்னையில் நடந்ததைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதீர்கள். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் நாங்களும் ஆஜர் :)

ஏழு வயதுப் பையன். கீழ்த்தாடையில் வலது பக்கம் வீக்கம். பெற்றோர் அதை முதலில் கவனித்தது அவனுக்கு மூன்று வயதானபோது. பரிசோதனைக்குப் பையன் ஒத்துழைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். நான்கு வருடம் போய்விட்டது. பிறகு சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தால், தாடைக்குள் பை மாதிரி ஒன்று, அதற்குள் குட்டிக் குட்டிப் பற்கள்! 2019 ஜூலையில் எலும்பை மேல்புறமாகத் துளைத்து அந்தப் பையை எடுத்தார்கள். சுமார் 200 கிராம். பிரித்து எண்ணவே ஐந்து மணி நேரம் ஆனதாம். மொத்தம் 526. மிகச் சிறியது 0.1 மி.மீ. அதற்கு முன் பெரிதாகப் பேசப்பட்டது 2014-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயதுப் பையனுக்கு 232 பற்கள் எடுத்தது.

இதற்குப் பெயர் ஓடோன்டோமா. பல்லை உண்டாக்கும் திசு, நிறுத்தத் தெரியாமல் பல்லாகவே செய்துகொண்டிருப்பது. 1860-களில் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா (மூளையில் பேச்சுக்கான பகுதியைக் காட்டிய அதே புரோக்காதான்) பல் திசுவில் வரும் எல்லாக் கட்டிகளுக்கும் பொதுவாக 'ஓடோன்டோம்' என்று பெயர் வைத்தார். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. ஓடோன்டோமா சாது, எடுத்தால் முடிந்தது. அதே திசுவில் பிறக்கும் அமெலோபிளாஸ்டோமா அப்படியில்லை. பெரும்பாலும் வலியே இல்லாமல் தாடை எலும்பை அரித்துக்கொண்டு வளரும், சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும். பல நேரம் தாடையில் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் வெறும் வீக்கம். வலி இல்லையே என்று சும்மா இருப்பதுதான் இதில் ஆபத்து.

1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு உள்ளே நிழலாவது தெரிந்தது. ஆனால் அமெலோபிளாஸ்டோமாவும் கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டியும் நிழலில் ஒரே மாதிரி இருக்கலாம். ஒரு துணுக்கு எடுத்து, மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் தீர்ப்பு. அப்படிப் பார்த்துத்தான் டென்மார்க்கின் பின்ட்போர்க் 1955-ல் ஒரு கட்டியைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இதே மனிதர் பிறகு இந்தியாவுக்கு வந்து வாய்ப்புற்று ஆராய்ச்சியில் இறங்கினார். 50,915 கிராமத்தாரின் வாயைப் பரிசோதித்த அந்த ஆய்வு 1969-ல் வெளியானது.

தீர்ப்பும் மாறும். கெரட்டோசிஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2005-ல் 'கட்டி' என்றது, 2017-ல் மறுபடியும் 'நீர்க்கட்டி' என்றது. ஒரே செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் வகுப்பில் நடக்கிற சண்டைதான்!

சீவிப் பார்ப்பது என்றதும் எங்கள் ஊர்க் கல் ஞாபகம் வருகிறது. சாத்தனூர் கல்மரத்துக்கு ஸ்கூல் டூர் போனவர்களுக்குப் புதைபடிவம் புதிதல்ல. கல்லாகிப் போன எலும்பையும் இப்படித்தான் மெல்லிசாகச் சீவிப் பார்க்கிறார்கள். தான்சானியாவில் கிடைத்த கோர்கோனாப்சியன் என்ற விலங்கின் (பாலூட்டிகளுக்குத் தூரத்து உறவு) தாடையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேறு ஆராய்ச்சிக்காகச் சீவினார்கள். கோரைப்பல் வேரின் பக்கத்தில் குட்டிப் பற்கள்! 25.5 கோடி வருடப் பழைய ஓடோன்டோமா என்று 2016-ல் எழுதினார்கள்.

அதே 2016-ல் இன்னொன்று. ருமேனியாவில் கிடைத்த டெல்மட்டோசாரஸ் என்ற டைனோசர். இதன் கீழ்த்தாடையில் வீக்கம் வெளியிலேயே தெரிந்தது. இதைச் சீவவில்லை, மைக்ரோ சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அமெலோபிளாஸ்டோமா. வயது 6.7 முதல் 6.9 கோடி வருடம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்த பாறைகளும் ஏறக்குறைய அதே காலத்தவைதான். அந்த டெல்மட்டோசாரஸ் முழுசாக வளர்வதற்கு முன்பே செத்துப்போயிருக்கிறது.