இருபத்தொன்பதும் முந்நூற்று நான்கும்

ஆண்டு விழா மலரில் சீட்டாட்டத்திற்கும் இடமா என்று முகம் சுளிக்கும் பெரியோர் நம்மைப் பொறுத்தருள வேண்டும். பணம் வைத்தாடும் சூதை ஈண்டு நாம் பேசவில்லை. நால்வர் இருவர் இருவராய்ப் பிரிந்து, எதிரே அமர்ந்தவரைத் துணையாகக் கொண்டு ஆடும் மதியூக ஆட்டத்தையே கூற எடுத்துக்கொண்டோம்.

கொல்கத்தாவில் குடியேறிய புதிதில், மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணைகளில் வங்காள அன்பர்கள் சீட்டும் கையுமாக அமர்ந்திருக்கக் கண்டோம். ஆட்டத்தின் பெயர் ‘இருபத்தொன்பது’ என்றனர். வங்க மொழி நம் வாய்க்கு வராத காலம் அது. ஆயினும் சிறிது நேரம் நின்று பார்த்ததுமே ஆட்டம் புரிந்துவிட்டது. ராஜாவையும் ஆஸையும் வென்று ஜாக்கி பிடியை அள்ளிற்று. அதற்கு அடுத்த இடமோ ஒன்பதுக்கு! இந்த விந்தையான வரிசையை ஊரில் ‘முந்நூற்று நான்கு’ ஆடி நாம் முன்பே அறிந்திருந்தோம்.

இவ்விரு பெயர்களும் வெறுங் கணக்கே. நம் ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, கூட்டினால் 76. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. வங்காளத்தாரோ ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று எனச் சுருக்கிக்கொண்டனர். அதன்படி 28 வரும். கடைசிப் பிடிக்கு ஒன்று சேர்த்து 29. கேரளத்தில் அந்த ஒன்றைச் சேர்க்காமல் ‘இருபத்தெட்டு’ என்றே ஆடுகின்றனர்.

ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள இந்நாடுகளுக்கு ஒரே ஆட்டம் எவ்வாறு வந்தது? விடை சீட்டின் பெயர்களிலேயே உள்ளது. வங்க மொழியில் ஹரதன், ருயிதன், இஸ்காபன் என்பவை டச்சு மொழியின் ஹார்ட்டன், ரௌட்டன், ஸ்கோப்பன் என்னும் சொற்களே. 1933-இல் வெளிவந்த தாகூரின் ‘தாஷேர் தேஷ்’ நாடகத்திலும் இப்பெயர்கள் பாத்திரங்களாகி உலவுகின்றன. நாம் மட்டும் என்ன? ஆங்கிலேயர் ‘கிளப்’ என்பதை நாம் கிளாவர் என்கிறோம். ‘ஹார்ட்’ என்பதை ஆட்டின் என்கிறோம். இரண்டும் டச்சுக்காரர் விட்டுச் சென்றவை.

அவர்கள் இருந்த இடங்களை நோக்குக. பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோட்டை கட்டினர். நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658-இலும், கொச்சி 1663-இலும் அவர்கள் வசமாயின. இங்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் சின்சுரா அவர்களுடைய வாணிகத் தலம். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பழவேற்காடும் சின்சுராவும் ஒருங்கே ஆங்கிலேயர் கைக்கு மாறின. அவர்கள் நாட்டின் யாஸ் வகை ஆட்டங்களிலும் துருப்பினத்தில் ஜாக்கியே தலை, ஒன்பது அதற்கடுத்தது. ஆதலின் நம் ஆட்டங்கள் அதன் வழி வந்தவை என ஆட்ட வரலாறு ஆய்ந்தோர் கருதுகின்றனர். சொற்களைப் போல இதற்கு நேர்ச் சான்று இல்லை. எனினும் நமக்கு இக்கருத்து ஏற்புடையதே. துருப்பில் மட்டும் இருந்த அப்பெருமையை நான்கு இனத்து ஜாக்கிகளுக்கும் வழங்கியது நம் நாட்டாரின் தாராளம் போலும்!

நிற்க. பெயர் தெரிந்ததால் ஆட்டம் தெரிந்துவிட்டது என்று இறுமாந்து ஒரு நாள் நாமும் அமர்ந்தோம். எதிரே துணையாக வாய்த்தவர் அண்டை வீட்டு முதியவர். எதிரணியார் துருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தனர். முதியவர் ஜாக்கியை இறக்கிப் பிடியைத் தம் வசமாக்கியிருந்தார். நம்மிடமோ அவ்வினச் சீட்டு இல்லை. ஆர்வ மிகுதியால் துருப்பைத் திறக்கச் சொல்லி, நம் துருப்பாலேயே அவர் ஜாக்கியை வெட்டினோம்! சுற்றி நின்றோர் நகைத்தனர். பிடி எப்படியும் நமதாகவே இருந்தது. வீணாகத் துருப்பொன்று செலவாயிற்று, பகைவரின் மறைவும் வெளிப்பட்டது. அந்த ஆட்டம் ஒரு புள்ளியில் தோற்றோம்.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. ஆட்டம் முடிந்தபின் அருகில் அமர்த்தி, துணைவர் இறக்கும் சீட்டின் குறிப்பை அறியும் முறையைப் பொறுமையாகக் கற்பித்தார். மொழித் தடைக்கு ஹரதனும் ஆட்டினுமே துணை நின்றன. பின்னர் எங்கள் ஊர்க் கணக்கைக் கேட்டார். 30, 20, 11, 10 என நாம் சொல்லச் சொல்ல, தாளொன்றில் வங்க எண்களால் எழுதிக் கூட்டி, 304 வந்ததும் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.