பாசனக் குழுவினரைத் திரும்ப அழைத்தல்: கிரியான் வயல்வெளியை முன்வைத்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பாரிட் புந்தாரைத் தலைமையிடமாகக் கொண்ட கிரியான் மாவட்டத்தின் நெல்வயல்கள், 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பியே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விளைந்து வருகின்றன. காலனி அரசின் பொறியாளர்கள் வகுத்த இத்திட்டம், 1932இல் தோன்றிய நீர்ப்பாசன வடிகால் துறையின் பொறுப்புக்குப் பின்னர் வந்தது; மடை திறப்பதும் அடைப்பதும் தொடக்கம் முதலே அலுவலர் பணியாக இருந்தன. உழவர்கள் வாக்களித்து அமர்த்தும் பாசன வாரியம் இங்கு வேரூன்றவில்லை. பதவிக்காலம் முடியும் முன்பே ஒருவரை, அவரைத் தேர்ந்தெடுத்தவர்களே வாக்களித்து நீக்கும் 'திரும்ப அழைத்தல்' என்னும் உரிமைக்கு இங்கு இடமே இருந்ததில்லை. ஆயினும் நீரைப் பங்கிடுவோர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கேள்வி கிரியானுக்கும் உரியதே.

தமிழ் மரபில் இத்தகைய கணக்குக் காட்டலுக்குச் சான்றாகத் தமிழ்நாட்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே வழக்கமாகக் காட்டப்படுகின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவற்றின்படி, ஊரின் 30 குடும்புகளிலிருந்து (குடும்பு என்பது ஊர்ப்பிரிவு) குடவோலை முறையில் (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சீட்டெடுக்கும் முறை) பெயர்கள் எடுக்கப்பட்டன. அவர்களுள் அறுவர் ஏரி வாரியமாக அமர்ந்து 360 நாள் பணியாற்றினர். கணக்குக் காட்டாது விலகியோரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்றும், பணியில் இருக்கும்போதே குற்றம் காணப்பட்டவர் உடனே நீக்கப்பட வேண்டும் என்றும் சபை முடிவு செய்தது. இதனை இன்றைய திரும்ப அழைத்தலுக்கு நிகராகக் கொண்டு பெருமைப்படுவது மிகையாகும். அது குற்றத்துக்கான நீக்கமே. அதிருப்தியுற்ற வாக்காளரின் முடிவு அன்று. மேலும், இறை செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் பெரும்பாலும் தகுதியாகக் கேட்கப்பட்ட பிரமதேயச் சபை (பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை) அது; ஏரிநீரில் உழைத்த நிலமற்றோருக்கு அதில் இடமில்லை. இருப்பினும், கணக்குக் காட்டுவதையும் பதவியில் நீடிப்பதையும் ஒன்றோடொன்று பிணைத்த அதன் சிந்தனை இன்றும் மதிக்கத்தக்கது.

திரும்ப அழைத்தலைப் பாசன அமைப்புக்கென்றே சட்டமாக்கியதில் ஆந்திரப் பிரதேசத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடத்தக்கது. அதன்படி அவ்வாண்டிலேயே 10,000க்கும் மேற்பட்ட நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தது. தமிழ்நாடும் ஒத்த நோக்குடன் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. ஆந்திரச் சட்டப்படி, உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டால் தலைவரையோ நிர்வாகக் குழு உறுப்பினரையோ நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரலாம். பதவியேற்ற முதல் ஓராண்டுக்குள் மட்டும் கொண்டுவர இயலாது. பொதுக்குழுவில் வந்து வாக்களிப்போருள் பெரும்பான்மையோர் ஏற்றால் அவர் பதவி இழப்பார்.

இங்குதான் நுட்பமான சிக்கல் எழுகிறது. வாய்க்காலின் தலைமடையில் நிலமுள்ளவருக்கு நீர் முதலில் கிடைக்கிறது. கடைமடையில் உள்ளவர் மிச்சத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கிறார். முறைப்பாசனத்தைக் கண்டிப்பாக நடத்தி, இரவில் திருட்டுத்தனமாக மடை திறப்பதைத் தடுத்து, கடைமடைக்கு நீர் சேர்க்கும் தலைவர் மீது தலைமடையினர் சினம் கொள்வது இயல்பு. அவர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தால், நேர்மையாகப் பங்கிட்டதே அவரது நீக்கத்துக்குக் காரணமாகிவிடும். பாசனத்தில் பெரும்பான்மை என்பது பெரும்பாலும் நிலத்தின் இருப்பிடத்தால் அமைவதாகையால், வெறும் தலையெண்ணிக்கையை நியாயத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 1887ஆம் ஆண்டின் ரைட் சட்டத்தால் தோன்றிய பாசன மாவட்டங்களின் இயக்குநர்களும் திரும்ப அழைத்தலுக்கு உட்பட்டவர்களே. ஆனால் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை அப்பகுதி வாக்காளரே நீக்க இயலும். கடைமடையின் பிரதிநிதியைத் தலைமடையினர் விலக்க முடியாதபடி காக்கும் இந்த ஏற்பாடு, ஆந்திர முறையினும் மேலானது.

மலேசியாவில் சிக்கல் இதற்கும் ஒரு படி முன்னதாகவே தொடங்குகிறது: பாசனக் குழு இருக்கட்டும், உள்ளாட்சி மன்றத்துக்கே தேர்தல் இல்லை. 1951இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய உள்ளாட்சித் தேர்தல்கள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் நிறுத்தப்பட்டன. தமிழரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் தேர்தலை மீட்க வேண்டுமென்று 1968இல் பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைப்படுத்தியது. ஆகவே பாரிட் புந்தாரின் மாவட்ட மன்றத்திலும் உறுப்பினரை அமர்த்தும் அதிகாரம் மாநில அரசிடமே உள்ளது. நியமித்தவரே நீக்க வல்லவராக இருக்கும்போது, உறுப்பினரின் பார்வை மக்களை நோக்கியிராது, மேலிடத்தை நோக்கியே இருக்கும்.

புக்கிட் மேரா நீர் வயலுக்கு மட்டுமன்றிக் குடிநீராகவும் வீடுகளுக்குச் செல்வதால், நெல்வயல் இல்லாத, தோட்டத் தொழிலாளர் வம்சாவளித் தமிழரும் நகரவாசிகளும் அதன் பங்காளிகளே. எனவே கிரியானில் பாசனக் குழு எப்போதேனும் தேர்தலால் அமையுமாயின், உழவருக்கும் குடிநீர் பெறுவோருக்கும் தனித்தனித் தொகுதிகள் வேண்டும்; ஒவ்வொரு தொகுதியும் தன் பிரதிநிதியைத் தானே திரும்ப அழைக்க வேண்டும்; அழைப்பதற்கான காரணம் எழுத்தில் வெளியிடப்பட்டு, கணக்கும் நீர்ப்பங்கீட்டுப் பதிவேடும் வாக்கெடுப்புக்கு முன் அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை மீட்காமல் திரும்ப அழைக்கும் உரிமையை மட்டும் கோருவது பயனற்றது. ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரையை மீண்டும் கையிலெடுப்பதே அதற்கான முதற்படியாகும்.