கடலடிச் சேறு சொல்லும் மழை வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பெரியவரும் சிறியவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "பெரியாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி?" கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரை பரந்து கிடக்கும் வயல்களின் முதல் போகமும், அவற்றை நம்பிய குடும்பங்களின் ஆண்டுக் கணக்கும் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது முதல் இதுவே நம் நிலை. பென்னி குயிக்கை இம்மக்கள் மறவாதிருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் அணை மழையைத் தேக்குமேயன்றிப் படைக்காது. அம்மழையின் பெரும்பகுதி தென்மேற்குக் காற்றோடு அரபிக் கடலைக் கடந்து வந்து மலைமுகட்டில் இறங்குவது. அது என்றும் இதே அளவில் பெய்ததா? கல்வெட்டும் ஓலையும் ஏடும் இக்கேள்விக்குச் சில நூற்றாண்டுகள் வரையே துணை வரும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்தியை யாரிடம் கேட்பது?

மண்ணிடமே கேட்கலாம் என்பதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தவர் அபூ ரைஹான் அல்பிரூனி. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் எழுதிய 'கிதாபுல் ஹிந்த்' என்னும் பெருநூலில், ஆற்றுக் கற்கள் மலையருகே பெரியனவாகவும், தொலைவில் சிறியனவாகவும், முகத்துவாரத்தின் பக்கம் மணலாகவும் இருப்பதை அவர் சுட்டினார். அந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்று முடிவு கண்டார்.

அக்கலை இன்று கண்ணுக்குத் தெரியாத பாசி வரை வளர்ந்துள்ளது. கடலின் மேற்பரப்பில் வெயிலை உண்டு வாழும் ஓரணுப் பாசிகளுள் சில, ஆல்கினோன் எனப்படும் கொழுப்பை ஒத்த பொருளைத் தம் உடலில் ஆக்குகின்றன. அதில் வகைகள் உண்டு. நீர் குளிர்ந்திருந்தால் ஒரு வகை மிகும். வெதுவெதுப்பாயிருந்தால் மற்றொன்று மிகும். பாசி மடிந்து கடலடிச் சேற்றில் புதைந்த பின்னும் அவ்விகிதம் எளிதில் அழிவதில்லை. ஆகவே சேற்றை அடுக்கடுக்காக எடுத்து அளந்தால், அந்தந்தக் காலத்துக் கடலின் வெப்பம் தெரியும். 1986ஆம் ஆண்டில் இம்முறை அறிஞருலகின் முன் வைக்கப்பட்டது.

1993இல் வெளியான ஆய்வொன்று, மாலத்தீவின் அருகே எடுத்த சேற்றை இவ்வாறு அளந்தது. பனியூழியில் அக்கடலின் மேற்பரப்பு இன்றைவிட ஏறத்தாழ 2 முதல் 3 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தது என்று தெரிந்தது. பனியூழி உச்சத்திலிருந்த அக்காலத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவின் வடபகுதியும் வட அமெரிக்காவின் வடபகுதியும் பனிப்பாளங்களின் கீழ்க் கிடந்தன. நீர் பனியாய் உறைந்ததால் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து, இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாய் இணைந்திருந்தன. ஆசியப் பெருநிலமும் குளிர்ந்திருந்தமையால், கோடைக் காற்றைத் தன்பால் இழுக்கும் அதன் வலிமை குன்றியது.

அதன் விளைவைச் சொல்லும் சாட்சி நம் மலைத்தொடரிலேயே உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் மட்கிக் கிடக்கும் புல்மண்ணை ஆராய்ந்து, இரா. சுகுமாரும் உடன் ஆய்ந்தோரும் அதே 1993இல் தம் முடிவை வெளியிட்டனர். பனியூழியின் உச்சத்தில் அம்மலையில் வறட்சியைத் தாங்கும் புல்வகைகளே மிகுந்திருந்தன. பனி உருகிய பிறகே ஈரம் மிகுந்து, மழை வலுத்தது. ஒரு வழக்குக்கு இரு சாட்சிகள் வாய்த்தது போல, கடலின் பாசி குளிர்ச்சியைச் சொல்ல, மலையின் புல் வறட்சியைச் சொல்கிறது.

நாம் இதிலிருந்து பெறுவது யாது? வற்றாது என்று நாம் நம்பிய மழை, முன்பு ஒரு காலத்தில் மெலிந்திருக்கிறது. கடலின் குளிர்ச்சி இரண்டு மூன்று பாகையே; ஆயினும் அக்காலத்து மலைகளின் முகமே வேறாயிருந்தது. இன்றோ அரபிக் கடல் சூடேறி வருகிறது. அது மழையை எவ்வாறு மாற்றும் என்பதை நம் பிள்ளைகளே காண்பர். ஆகவே மதகு திறக்கும் நாளில் வாய்க்காலில் வரும் நீரை நம் உரிமை என்று மட்டும் எண்ணலாகாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கண்மாயைத் தூர்க்காமலும், கடைமடைக்காரரின் பங்கைத் தடுக்காமலும் அதைக் காப்பதே அறிவுடைமை.