மலைப்பாதைப் பேருந்தில் இருக்கைத் தேர்வும் பயணக் குமட்டலும்

உள்காது உணரும் அசைவும் கண் காணும் அசைவும் ஒத்துப்போகாதபோது தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், குமட்டல், வாந்தி என்று வரிசையாகத் தோன்றும் தொல்லையே பயணக் குமட்டல். கடற்பயணத்தை வைத்தே இது பெரிதும் பேசப்பட்டாலும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையில் இது பேருந்துப் பயணிகளின் வழக்கமான தொல்லை. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாக மூணாறு போகும் சாலை, உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகும் சாலை, நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதி ஏறும் சாலை ஆகியவை இதற்குப் பேர்போனவை. இந்தச் சாலைகளில் முன்பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பெருமளவு சரி. ஆனால் முன்பக்கம் குலுக்கல் குறைவு என்பதைவிட, எதிரே வரும் சாலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அதற்கு முதன்மையான காரணம்.

உள்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதையும், அவற்றை ஒட்டிய பைகள் நேர்கோட்டு வேக மாற்றத்தையும் உணர்கின்றன. காது கேளாதோரில் பலருக்குக் கடற்குமட்டல் வருவதில்லை என்று 1882இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் கவனித்தார். உள்காதின் சமநிலை உறுப்பு இயங்காதவர்களுக்குப் பயணக் குமட்டல் ஏற்படுவதில்லை என்பது பின்னர் உறுதியானது. ஆனால் அசைவு மட்டுமே காரணமென்றால், அதே வளைவில் அதே வண்டியைத் திருப்பும் ஓட்டுநருக்கும் குமட்ட வேண்டும். அவருக்குப் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. ஏனெனில் வளைவை முன்பே பார்த்து, திரும்பப்போகும் திசையை அவர் உடல் எதிர்பார்த்திருக்கிறது. பின்னிருக்கைப் பயணிக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. எதிரில் இருக்கும் இருக்கையின் முதுகு அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. உடல் பக்கவாட்டில் தள்ளப்படுவதாகக் காது சொல்கிறது.

இதைக் கப்பலோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். கப்பலில் மிகுதியும் குமட்டச் செய்வது, ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலெழுந்து கீழிறங்கும் மெதுவான அசைவு. ஏற்றமரத்தின் முனைகள் ஏறி இறங்கும்போது நடுத்தூண் அருகே அசைவு குறைந்திருப்பதைப்போல, முன்முனையையும் பின்முனையையும்விடக் கப்பலின் நடுப்பகுதி அமைதியாக இருக்கும். மேல்தளங்கள் பக்கவாட்டில் அதிகம் அசையும். ஆகவே கொச்சியிலிருந்து லட்சத்தீவு செல்பவரானாலும் உல்லாசக் கப்பலில் செல்பவரானாலும் நடுவில், கீழ்த்தளத்தில் அமைந்த அறையைக் கேட்பது நல்லது. அங்கே சன்னல் இல்லாவிட்டாலும், கண்ணை மூடிப் படுத்துவிட்டால் பெரிதும் சமாளிக்கலாம். மலைப்பேருந்தின் கணக்கு வேறு. வளைவில் வண்டி முழுவதும் ஒன்றாகத் திரும்புவதால், பக்கவாட்டுத் தள்ளலிலிருந்து எந்த இருக்கையும் முழுதாகத் தப்ப முடியாது. இடத்தை மாற்றுவதால் குறையும் அசைவு கப்பலில் அதிகம், பேருந்தில் குறைவு. ஆகவே பேருந்தில் பார்வைக்கு முதலிடம் தர வேண்டும்.

இதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டர்னரும் கிரிஃபினும் 3,000க்கும் மேற்பட்ட பேருந்துப் பயணிகளிடம் திரட்டிய தகவல்களை 1999இல் வெளியிட்டனர். முன்னேயுள்ள சாலையைக் காண முடியாதவர்களுக்கு, அதை நன்கு காண முடிந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தொல்லை ஏற்பட்டிருந்தது. பக்கவாட்டு அசைவும் குமட்டலும் முன்புறத்திலிருந்து பின்புறம் போகப்போக அதிகரித்ததையும் அவர்கள் கண்டனர். அப்படியானால் அசைவுதானே காரணம் என்று கேட்கலாம். அசைவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பார்வையும் அசைவும் இங்கே ஒரே திசையைக் காட்டுவதால் முடிவு மாறுவதில்லை. இரண்டாவது முதல் நான்காவது வரிசைக்குள், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி நடைவழியை ஒட்டிய இருக்கையே முதல் தேர்வு.

சன்னலோரம் போதாதா என்பது அடுத்த கேள்வி. காற்று வருவது ஆறுதல்தான். ஆனால் பக்கச் சன்னலில் அருகிலுள்ள மரமும் மண்திட்டும் விரைந்து ஓடுகின்றனவே தவிர, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பது தெரிவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் ஷட்டரை இறக்கிவிட்டால் காற்றும் காட்சியும் சேர்ந்தே போய்விடும். அப்போது முன்கண்ணாடி ஒன்றே மிச்சம். நடைவழியில் கூட்டம் நின்று முன்பார்வையை மறைக்கும்போது மட்டும் முன்வரிசைச் சன்னலோரத்துக்கு மாறித் தொலைவிலுள்ள மலைச்சரிவைப் பார்க்கலாம். முன்பக்கம் எஞ்சின் சூடும் டீசல் வாடையும் உண்டு என்ற குறையில் நியாயம் இருக்கிறது. எஞ்சினை ஒட்டிய முதல் இருக்கையைத் தவிர்த்து ஓரிரு வரிசை பின்னால் அமர்வது அதற்குத் தீர்வு.

ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளில் பின்பக்கப் பலகைகள் எதிரெதிராக இருக்கும். அவற்றில் அமர்பவர் பக்கவாட்டில் பார்த்தபடியே வளைவுகளைக் கடக்கிறார். சாலையைக் காண உடலைத் திருப்ப வேண்டும். வாந்தி வரக்கூடியவரை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது இங்கே இன்னும் முக்கியம். இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இத்தொல்லை மிகுதி. பேருந்தின் முன்வரிசையில் இடம் கிடைத்தாலும் உயரம் போதாவிட்டால் அவர்கள் காண்பது இருக்கையின் முதுகைத்தான்; மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் சாலை தெரியும். கைப்பேசியில் படம் காட்டிச் சமாதானப்படுத்துவது எதிர்விளைவையே தரும்.

மாத்திரை இருக்கும்போது இருக்கை எதற்கு என்பாரும் உண்டு. புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை பயன் தருபவையே. ஆனால் புறப்படுவதற்கு முன்பே விழுங்கியிருக்க வேண்டும். குமட்டல் தொடங்கியபின் இரைப்பையின் இயக்கம் மந்தமாவதால் பலன் குறைகிறது. தூக்கமும் வரும், குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது. இஞ்சி குறித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போவதில்லை. பழகினால் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அடிக்கடி ஏறி இறங்குபவருக்கே அது வாய்க்கும். ஓட்டும் விதமும் தொல்லையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அது பயணியின் கையில் இல்லை. இருக்கைக்கு மட்டும் செலவும் பக்கவிளைவும் கிடையாது. முன்னிடம் கிடைக்காதவருக்கு அடுத்த வழி, தலையைச் சாய்த்து அசையாமல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வது. சாலையைக் காட்ட முடியாத கண் பொய்யான அமைதியைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமலிருப்பது மேல்.