பயிற்றுநர் பதிவு: ஹர்டிலும் ஸ்டீபிள்சேஸும்

பயிற்றுநர் பதிவு என்பது, குதிரைப் பந்தயத்தில் ஒருவரது லாயத்திலிருந்து ஓடிய குதிரைகள் எத்தனை, வென்றவை எத்தனை, எந்தெந்தப் பந்தயங்களில் வென்றன என்ற கணக்கு. தடை தாண்டும் பந்தயங்களில் இக்கணக்கை ஹர்டில், ஸ்டீபிள்சேஸ் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஒன்றில் கொடிகட்டிப் பறக்கும் பயிற்றுநர் மற்றதில் தடுமாறுவதுண்டு. இலங்கையில் ஓடுவது தடையில்லாத சமதள ஓட்டம். ஆனாலும் பிரித்தானியப் பந்தயங்களுக்குப் பணம் கட்டும் பெட்டிங் நிலையங்களின் வழியே, கண்டியிலும் மலையக நகரங்களிலும் இக்கணக்கைக் கூர்ந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரு வகைத் தடைகள்

ஹர்டில் என்பது மூங்கில் தட்டி போன்ற இலகுவான தடை. குறைந்தபட்ச உயரம் சுமார் 107 செ.மீ. குளம்பு பட்டால் சாய்ந்து கொடுக்கும். எனவே குதிரை வேகம் குறையாமல், தாழப் பறந்து கடக்கலாம். ஸ்டீபிள்சேஸ் தடை மிலாறுக் கட்டுகளை நெருக்கி அடைத்துச் செய்யப்படுவது. குறைந்தது 137 செ.மீ. உயரம். அது எளிதில் வளைந்து கொடுக்காது. குதிரை தூரத்தைக் கணித்து, முதுகை வளைத்து, எழும்பித் தாண்ட வேண்டும். தப்புக் கணக்குப் போட்டால் குதிரை விழும், அல்லது ஜொக்கி தூக்கி எறியப்படுவார்.

ஸ்டீபிள்சேஸின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1752இல் அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில் பட்டவன்ட் தேவாலயக் கோபுரத்திலிருந்து டோனரைல் கோபுரம்வரை இருவர் ஓட்டிய போட்டி. பெயரில் உள்ள ‘ஸ்டீபிள்’ அந்தக் கோபுரத்தையே குறிக்கிறது.

இங்கிலாந்தின் செல்டனம் திடலில் மார்ச்சில் நடக்கும் சாம்பியன் ஹர்டில் (1927 முதல், சுமார் 3.3 கி.மீ.) ஹர்டில் குதிரைகளுக்கும், கோல்ட் கப் (1924 முதல், சுமார் 5.3 கி.மீ.) ஸ்டீபிள்சேஸ் குதிரைகளுக்கும் உச்சப் பந்தயங்கள். ஏப்ரலில் எய்ன்ட்ரியில் 30 தடைகளோடு சுமார் 6.9 கி.மீ. ஓடும் கிராண்ட் நேஷனல், நெடுந்தூரத் தாண்டலின் தனிச் சோதனை.

முதன்மைப் பயிற்றுநர்கள்

2025வரையான வெற்றிகள்:

| பயிற்றுநர் | சாம்பியன் ஹர்டில் | கோல்ட் கப் | கிராண்ட் நேஷனல் |
|---|---|---|---|
| வின்சென்ட் ஓ'பிரையன் | 3 | 4 | 3 |
| நிக்கி ஹென்டர்சன் | 9 | 2 | 0 |
| பால் நிக்கல்ஸ் | 1 | 4 | 1 |
| வில்லி முல்லின்ஸ் | 5 | 4 | 3 |

பட்டவன்டுக்கு அருகே சேர்ச்டவுனில் 1917இல் பிறந்த ஓ'பிரையனின் பதிவு இருபக்கமும் சமமாக நிற்கிறது. அவரது குதிரை ஹாட்டன்ஸ் கிரேஸ் 1949 முதல் 1951வரை மூன்று சாம்பியன் ஹர்டில்களை வென்றது. அவரது இன்னொரு குதிரை கொட்டேஜ் ரேக் 1948 முதல் 1950வரை மூன்று கோல்ட் கப்களை வென்றது. 1953, 1954, 1955 கிராண்ட் நேஷனல்களை வென்றவை அவரது மூன்று வெவ்வேறு குதிரைகள். பின்னர் சமதள ஓட்டத்துக்கு மாறிய அவர் எப்ஸம் டெர்பியையும் ஆறு முறை வென்றார்.

ஹென்டர்சனின் பதிவு ஹர்டில் பக்கம் சாய்ந்தது. சாம்பியன் ஹர்டிலில் அவரளவு வென்றவர் வேறு யாருமில்லை. ஆனால் அவருக்கு ஸ்டீபிள்சேஸ் வராது என்று முடிவு கட்டினால் தவறு. ஏறத்தாழ 3.2 கி.மீ. ஓடும் சாம்பியன் சேஸை அவர் ஆறு முறை வென்றிருக்கிறார். வேகமாக ஓடிக்கொண்டே தாண்டும் குதிரையை உருவாக்குவதில் அவர் கை தேர்ந்தவர். கிராண்ட் நேஷனல் கேட்பது வேறு வகைக் குதிரை.

தடம் மாற்றும் முடிவு

பெரும்பாலான குதிரைகள் முதலில் ஹர்டிலில் பழகி, உடல் முதிர்ந்த பிறகே ஸ்டீபிள்சேஸுக்குப் போகின்றன. எதை எப்போது மாற்றுவது என்பதில்தான் பயிற்றுநரின் கண் தெரியும். 2016இல் செல்டனத்தில் நடந்த ஒரு புதுமுக ஹர்டில் பந்தயத்தில் ஹென்டர்சனின் அல்டியோர் முதலாவதாகவும் பியூவர் டேர் மூன்றாவதாகவும் வந்தன. அடுத்த பருவத்தில் இரண்டையும் ஸ்டீபிள்சேஸுக்கு அனுப்பினார். அல்டியோர் அங்கேயே நின்று 2018, 2019 சாம்பியன் சேஸ்களை வென்றது. பியூவர் டேர் ஓடிய இரு ஸ்டீபிள்சேஸ்களிலும் வென்றும், அதைத் திரும்ப ஹர்டிலுக்கே கொண்டுவந்தார். அது 2017, 2018 சாம்பியன் ஹர்டில்களை வென்றது.

நிக்கல்ஸின் பிக் பக்ஸ் என்ற குதிரையுடையது தடுமாறித் திரும்பிய கதை. 2008 நவம்பரில் ஹென்னசி கோல்ட் கப் என்ற வேறொரு ஸ்டீபிள்சேஸின் கடைசித் தடையில் ஜொக்கியைக் கீழே போட்டது. ஹர்டிலுக்குத் திரும்பியபின் தொடர்ந்து 18 பந்தயங்களை வென்றது.

சாம்பியன் ஹர்டிலையும் (1984) கோல்ட் கப்பையும் (1986) வென்ற ஒரே குதிரை டான் ரன் என்ற பெண்குதிரை. பயிற்றுநர் பேடி முல்லின்ஸ், வில்லியின் தந்தை. கோல்ட் கப் வென்ற அதே ஆண்டில் பிரான்சின் ஓட்டோய் திடலில், தாழ்ந்த ஹர்டில் பந்தயமொன்றிலேயே அது விழுந்து இறந்தது.

விழுக்காட்டில் உள்ள பொறி

ஓடிய நூற்றில் வென்றவை எத்தனை என்ற விழுக்காடு மட்டும் போதாது. ஸ்டீபிள்சேஸில் பொதுவாகக் குறைவான குதிரைகளே ஓடும். ஆறு குதிரைகள் ஓடும் பந்தயத்தில், எல்லாம் சமபலம் என்றால், ஒன்றின் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடு. பன்னிரண்டு ஓடினால் 8 விழுக்காடுதான். ஹர்டில் கணக்கில், அனுபவத்துக்காக மட்டும் இறக்கப்படும் இளங்குதிரைகளும் சேரும். ஆகவே போட்டியிட்ட குதிரைகளின் எண்ணிக்கை, பந்தயத்தின் தரம், தூரம், விழுந்தவை எத்தனை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்டியும் மலையகமும்

கண்டிக்கு அருகிலுள்ள பந்தயத்திடல் நுவரெலியாவில் இருக்கிறது. கண்டியிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் 1875இல் அமைந்த திடல் அது. கொழும்பில் 1893இல் திறந்த திடலில் பந்தயங்கள் 1956இல் நின்றுபோயின. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்தில், ஆளுநர் கிண்ணப் பந்தயத்தோடு நுவரெலியா இன்றும் களை கட்டுகிறது. அங்கே பயிற்றுநரை எடைபோடுவது குதிரையின் வேகத்தையும், தூரத்துக்கு ஏற்ற மூச்சையும், மலைக்காற்றுக்குப் பழக்கிய விதத்தையும் வைத்துத்தான்.

பெட்டிங் நிலையங்களில் கதை வேறு. பந்தயமும் சூதும் மீதான 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க வரிச் சட்டத்தின் கீழ் வரும் இந்நிலையங்களில் பிரித்தானியப் பந்தயங்கள் மாலையில் தொடங்கும். இங்கிலாந்தில் மார்ச் மாதத்து மாலை 4 மணி, இங்கே இரவு 9.30. அங்கே ஹென்டர்சனின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுபவர், எதிரே ஓடுவது ஹர்டிலா ஸ்டீபிள்சேஸா, எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காவிட்டால், ஒன்பது வெற்றியின் நினைவில், ஒருமுறைகூட அவர் வெல்லாத கிராண்ட் நேஷனலுக்குக் காசைக் கட்டிவிடக்கூடும்.