அழைத்தது யார்?

காலிலே முள் தைக்கிறது. அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, பின்னர் சீழ் கட்டுகிறது. சீழ் என்று நாம் அருவருப்பது, பெரும்பாலும் கிருமியோடு போரிட்டு மாண்ட வெள்ளணுக்களின் குவியலே! உடலெங்கும் ஓடும் இரத்தத்திலே மிதந்த அணுக்கள், முள் தைத்த அந்த ஓரிடத்தை எங்ஙனம் அறிந்தன? அழைத்தது யார்? "உடலின் இயல்பு" என்று கூறிவிடலாம். அது விடையாகாது, கேள்வியின் வாயை அடைக்கும் வேலை. அடைக்க மறுத்தவர்களின் வரலாற்றை நாம் அறிவோம், வாருங்கள்.

1867ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்தார். வெள்ளணுக்கள் இரத்தக் குழாயின் சுவரோரம் ஒதுங்கின, ஒட்டின, சுவரைக் கடந்து வெளியேறின. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரிலே ருஷ்ய அறிஞர் மெச்னிகாவ், கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சிலே முள்ளைச் செருகினார். மறுநாள் காலை, முள்ளைச் சூழ்ந்து நின்றன அலையும் அணுக்கள்! வெள்ளணுக்கள் கிருமியைப் பரப்புகின்றன என்று நம்பியோர் மிகுந்திருந்த காலம் அது. கிருமியை விழுங்கும் காவலர் அவை என்றார் மெச்னிகாவ். எதிர்ப்பு எழுந்தது, 1908இல் நோபல் பரிசும் வந்தது. 1888இல் கண் மருத்துவர் தியோடர் லேபர், பூஞ்சை தாக்கிய முயல் விழியை ஆராய்ந்து, கிருமியிலிருந்து கசியும் பொருளே வெள்ளணுக்களை ஈர்க்கிறது என்றார்.

அடுத்த புதிர் நிணநீரணு. எலியின் நிணநீர்க் குழாய் ஒரு நாளில் இரத்தத்திலே கொட்டும் அணுக்கள், இரத்தத்தில் உள்ளவற்றைப்போல் பல மடங்கு. மிகுதி எங்கே போயிற்று? குடலிலே மடிகின்றன என்றனர் சிலர். ஆக்ஸ்போர்டிலே ஜேம்ஸ் கோவன்ஸ், 1950களின் இறுதியில் அக்குழாயை வடித்தார். நாளுக்கு நாள் அணுக்கள் குறைந்தன. வடித்தவற்றையே இரத்தத்தில் திரும்பச் செலுத்தினார், வரத்து மீண்டது. மடியவில்லை, சுற்றி வருகின்றன! நிணநீர்க் கணுக்களிலுள்ள தனிவகைச் சிறு சிரைகளின் வழியே அவை நுழைவதையும், கதிரியக்கம் ஏற்றிய அணுக்களைக் கொண்டு 1964இல் காட்டினார்.

அந்தச் சுவரை மட்டும் ஏன் தேர்ந்தன? 1980களின் இறுதியிலிருந்து விடை துலங்கியது. அணு முதலில் சுவரைத் தொட்டு உருள்கிறது. சுவரிலே கெமோகைன் என்னும் சிறு புரதம் காத்திருக்கிறது. அணுவின் மேலுள்ள ஏற்பி அதனோடு பொருந்தினால் அணு இறுகப் பற்றி உள்ளே நுழைகிறது. பொருந்தாவிடில் ஓட்டத்தோடு போய்விடுகிறது. மனித உடலில் இத்தகைய புரதங்கள் ஏறத்தாழ 50. சிறுகுடல் ஒன்றைச் சுரக்கிறது, தோல் வேறொன்றை. உணவிலுள்ள வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் பொருளே அணுவுக்குக் குடலின் முகவரியைப் பதிக்கிறது என்பது 2004இல் வெளியாயிற்று.

இது ஏட்டறிவாக நின்றுவிடவில்லை. எய்ட்ஸ் கிருமி அணுவுக்குள் புக, சி.சி.ஆர். 5 என்னும் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது என்று 1996இல் கண்டனர். பிறவியிலேயே அந்த ஏற்பி அமையாதவர்களை அக்கிருமி எளிதில் பற்றுவதில்லை. ஆகவே, அந்த வாயிலை அடைக்கும் மாராவிராக் என்ற மருந்து 2007இல் வந்தது.

தவளையின் சவ்வுக்கும் அந்த மருந்துக்கும் இடையே 140 ஆண்டுகள். இடையிலே வந்தவர்கள் "இயல்பு" என்று கூறி எழுந்து போயிருந்தால், வாயிலும் தெரிந்திராது, அடைக்கும் வழியும் பிறந்திராது. இளைஞர்களே, "ஏன்?" என்ற சொல்லை விட்டுவிடாதீர்!