சிறையறிந்த விமானி

அரபு மொழியில் கைதியைக் குறிக்கும் சொல் ‘அஸீர்’ என்பதாகும். கட்டுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த சொல் அது. குடும்பத்தைக் குறிக்கும் ‘உஸ்ரா’ என்னும் சொல்லும் அவ்வேரினின்றே கிளைத்தது என்று பாடம் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகத்தில் புன்முறுவல் அரும்பக் காண்பேன். போரில் கட்டுண்ட ஒருவர், பின்னாளில் பொய்க் குற்றச்சாட்டினால் கட்டுண்ட ஒரு குடும்பத்துக்காக எழுதுகோல் ஏந்திய வரலாறு ஒன்று உண்டு. அதனையே ஈண்டு எழுத முற்படுகின்றேன். அவர் பெயர் ராபர்ட் கீ.

1919 அக்டோபர் 5-ஆம் நாள் நம் நாட்டுக் கல்கத்தா நகரில் பிறந்த ஆங்கிலேயர் இவர். ஆக்ஸ்ஃபோர்டில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லரிடம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையிற் சேர்ந்து, ஹாம்ப்டன் எனும் குண்டுவீச்சு விமானத்தின் விமானியானார். நால்வர் செல்லும் அவ்விமானத்தின் உடல் மூன்றடி அகலமே உடையது. ‘பறக்கும் கைப்பெட்டி’ என்று வீரர்களே அதனை எள்ளி நகைத்தனர். விமானி அடிபட்டுச் சாய்ந்தால், பிறிதொருவர் அவ்விருக்கைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையிற் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர் என்றால், அப்பணியின் தன்மையை உணரலாம். அவ்விமானங்களின் கீழே, ஊர்களில் உறங்கிய பெண்டிரும் பிள்ளைகளும் மாண்டதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் 1942-இல் கீயின் விமானம் வீழ்த்தப்பட்ட இரவில் அவர் சென்றது ஊரைக் கொளுத்த அன்று. ஹாலந்துக் கரையோரக் கடலில் கண்ணிவெடி இடுவதற்கே. அவ்வேலைக்குத் ‘தோட்ட வேலை’ என்றும், வெடிகளுக்குக் ‘காய்கறி’ என்றும் படையினரிடையே மறைமொழி வழங்கியது!

ஜெர்மானியரிடம் சிக்கிய கீ, மூன்றாண்டுகள் போர்க்கைதி முகாம்களிற் கழித்தார். தப்பிச் செல்லவும் முயன்று மீண்டும் பிடிபட்டார். அவர் இருந்த ஸாகன் முகாமிலிருந்துதான் 1944 மார்ச்சில் எழுபத்தாறு பேர் சுரங்கம் வழியே வெளியேறினர். பிடிபட்ட எழுபத்து மூவருள் ஐம்பதின்மரை ஹிட்லரின் ஆட்சி சுட்டுக் கொன்றது. கைதியைக் கொல்லலாகாது என்னும் 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜெர்மனியும் கையொப்பமிட்டிருந்தது. பெயரும் பதவியும் படை எண்ணும் அன்றிப் பிறிதொன்றும் கூறக் கைதி கடமைப்பட்டவன் அல்லன் என்பதும், வற்புறுத்தி அவனிடம் செய்தி பெறலாகாது என்பதும் அவ்வுடன்படிக்கையின் விதிகள். இவ்விதியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் இதனிடம் வருவோம்.

இத்தகைய உடன்படிக்கைகள் தோன்றுவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகட்கு முன்னர், பத்ரில் சிறைப்பட்ட எழுபது குறைஷிகள் மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை நன்கு நடத்துமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். அக்கைதிகளுள் ஒருவரான அபூ அஸீஸ், தம்மைக் காவல் செய்த அன்சாரிகள் அரிதாய்க் கிடைத்த ரொட்டியைத் தமக்கு ஈந்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைத் தாம் உண்டதைப் பிற்காலத்தில் நாணத்துடன் நினைவு கூர்ந்திருக்கிறார். மீட்புப் பொருள் கொடுக்க இயலாத எழுத்தறிவுடையோர், மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர். கைதியும் ஆசிரியனாகலாம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

கீ தம் சிறை வாழ்வை 1947-இல் நூலாக்கினார். ‘கூட்டம் துணையாகாது’ எனும் பொருள் தரும் அதன் தலைப்பு, அறிஞர் பேக்கனின் சொற்றொடர். நாவல் என வெளிவந்தாலும் அது அவர் பட்ட பாடே. பின்னர் பத்திரிகை, தொலைக்காட்சி என்று அவர் வாழ்வு ஓடிற்று. அயர்லாந்தின் தேசிய இயக்க வரலாற்றை 1972-இல் பெருநூலாகத் தந்தார். ஆங்கிலேயர் ஐரிஷ் மக்களை ஐயத்துடனே நோக்கிய காலம் அது.

1974 அக்டோபர் 5. கீக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்த நாள். அன்றிரவு கில்ஃபோர்டு நகர மதுக்கடைகளில் குண்டு வெடித்து ஐவர் மாண்டனர். நவம்பரில் பர்மிங்ஹாமிலும் குண்டுகள் வெடித்து மேலும் பலர் மடியவே, ஒருவரைக் குற்றஞ்சாட்டாமலே ஏழு நாள் வரை காவலில் வைக்க வகைசெய்யும் சட்டம் சில நாட்களுக்குள் நிறைவேறியது. ஜெரி கான்லன் முதலிய நால்வர் பிடிபட்டனர். காவலில் அச்சுறுத்தியும் அடித்தும் வாக்குமூலங்கள் பெறப்பட்டன என்று அவர்கள் முறையிட்டனர். பகைநாட்டு விமானிக்கு ஏட்டளவிலேனும் இருந்த பாதுகாப்பு, சொந்த நாட்டில் ஐயத்துக்குள்ளான ஏழைக்கு இல்லாமற் போயிற்று. ஒரு சிலர் செய்த குற்றத்துக்காக ஓர் இனமே ஐயத்தின் நிழலில் வாழ்வது எத்தகையது என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

நால்வருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. தூக்குத் தண்டனைக்கு இடமுள்ள ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்படவில்லையே என்று நீதிபதி வருந்தினார். மகனுக்கு வழக்கறிஞரை அமர்த்த பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த தந்தை ஜுஸெப்பே கான்லனும் பிடிபட்டார். அவர் தங்க வந்த மகுவையர் குடும்பத்தினரும், வெடிமருந்தைக் கையாண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1976-இல் தண்டனை பெற்றனர். தாய், தந்தை, பிள்ளைகள் இருவர், உறவினர் என அனைவரும் சிறை புகுந்தனர். இளைய மகன் பேட்ரிக்குக்கு அப்போது வயது பதினான்கு! நோயாளியான ஜுஸெப்பே 1980 ஜனவரியில் கைதியாகவே மாண்டார்.

இவ்விரு வழக்குகளையும் கீ எடுத்து ஆராய்ந்தார். 1986-இல் அவர் வெளியிட்ட நூல் ஆரவாரமற்றது. ஒரு வாக்குமூலம் மற்றொன்றுடன் எங்கே முரண்படுகிறது, பரிசோதனைச் சாலையின் சான்று எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்று வரலாற்றாசிரியனுக்குரிய பொறுமையுடன் வினவியது. அவர் ஒருவர் மட்டும் போராடவில்லை. கத்தோலிக்கத் தலைமைகுரு கார்டினல் ஹியூம் முதலியோரும் உடன் நின்றனர். 1989 அக்டோபர் 19-ஆம் நாள் நால்வரும் விடுதலையாயினர். கைதி பேசப் பேச எழுதப்பட்டவை எனக் காவலர் காட்டிய குறிப்புகள் உண்மையில் அவ்வாறு எழுதப்பட்டவையல்ல என்பது வெளிப்பட்டிருந்தது.

மகுவையர் குடும்பத்தின் நிலை வேறு. அவர்கள் தண்டனையைக் கழித்து முன்னரே வெளிவந்துவிட்டனர். இனி வழக்கு எதற்கு என்று அவர்கள் ஓய்ந்திருக்கலாம். இவ்விடத்தில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அரசனின் ஆள் வந்து அழைத்தபோது அவர்கள் உடனே புறப்பட்டுவிடவில்லை. கையை வெட்டிக்கொண்ட பெண்களின் செய்தி என்னவென்று விசாரிக்கும்படி அரசனிடமே திருப்பி அனுப்பினார்கள். சிறைக்கதவு திறப்பது ஒன்று. மாசு நீங்குவது வேறொன்று.

மகுவையர்களும் அம்மாசு நீங்கவே காத்திருந்தனர். 1991 ஜூனில் அவர்கள் மீதான தீர்ப்பு ரத்தாயிற்று. 2005 பிப்ரவரியில் பிரதமர் டோனி பிளேர் இரு குடும்பங்களிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். ஜுஸெப்பே இறந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சொற்களைக் கேட்க அவருடைய மகன் இருந்தார். முதுமையில் கீயும் இருந்தார். தொண்ணூற்று மூன்றாம் வயதில், 2013 ஜனவரி 11-ஆம் நாள் கீ மறைந்தார்.